தினமும் போட்டாலும் சீக்கிரம் வெளுக்காத கவரிங் நகை: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டிருப்பது இதுதான்: கையைக் கடிக்காத விலையில் தினமும் போட ஒரு செயின், ஒரு ஜோடி கம்மல், ஒரு மோதிரம் வேண்டும். முன்பு வாங்கிய செயின் பின்கழுத்துப் பக்கம் செம்பு நிறம் காட்டிவிட்டது. கம்மல் போட்ட காது அரித்தது. மோதிரம் விரலைப் பச்சையாக்கியது. கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'கேரண்டி' என்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?

மூன்று நகையும் மூன்று விதமாகக் கெட்டிருப்பதைக் கவனியுங்கள். செயினில் பூச்சு தேய்ந்திருக்கிறது. கம்மலில் பூச்சுக்கு அடியில் இருந்த ஏதோ ஓர் உலோகம் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மோதிரத்தில் செம்பு வியர்வையோடு சேர்ந்து களிம்பு ஏறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒரே தரம், ஒரே பூச்சு என்று செட்டாக வாங்கினால் ஒன்று நிற்கும், மற்றது போய்விடும். உராய்வு அதிகமாக இருக்கும் நகைக்குக் காசைப் போடுங்கள், உராய்வே இல்லாததை மலிவாக வாங்குங்கள். இதுதான் என் பதில். எப்படி என்பதை இனி விரிவாகச் சொல்கிறேன்.

பூச்சின் தடிமன்

தங்க முலாமின் தடிமனை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். மலிவான ஃபேஷன் நகைகளில் பெரும்பாலும் இருப்பது 'ஃபிளாஷ்' எனப்படும் 0.175 மைக்ரானுக்கும் குறைவான பூச்சு. தொழிலில் இதைத் தங்கத் தண்ணீரில் முக்கி எடுத்தது என்பார்கள். அது மிகைப்படுத்தல் இல்லை, தொட்டியில் சில விநாடிகள் இருந்தாலே அந்த அளவு ஏறிவிடும். 0.5 மைக்ரான் என்பது எப்போதாவது போடும் நகைக்குப் போதும். 1 மைக்ரான் தாண்டினால் தினமும் போடும் செயினுக்குச் சுமாராகத் தாங்கும். 2.5 மைக்ரானும் அதற்கு மேலும் கனமான பூச்சு.

நிறத்தை வைத்துத் தடிமனைச் சொல்லவே முடியாது. 0.1 மைக்ரான் ஏறினாலே கண்ணுக்கு முழுத் தங்கம்தான். பளபளப்பும் அப்படித்தான். அது பூச்சிலிருந்து வருவதில்லை, பூசுவதற்கு முன் அடியுலோகத்துக்குப் போட்ட பாலிஷிலிருந்து வருகிறது. ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு வளையல்களில் எது அதிகம் நிற்கும் என்று பார்வையை வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் பூச 1.93 மில்லிகிராம் தங்கம் வேண்டும், ஏறக்குறைய 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 6 செ.மீ. உள்விட்டம், 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம் உள்ள ஒரு சாதாரண வளையலின் மொத்தப் பரப்பு, உள்பக்கம் வெளிப்பக்கம் ஓரங்கள் எல்லாம் சேர்த்து, சுமார் 25 சதுர செ.மீ. அதில் ஒரு மைக்ரான் பூச ஏறத்தாழ 50 மில்லிகிராம் தங்கம் போகும். அதாவது ஒரு கிராம் தங்க விலையில் இருபதில் ஒரு பங்கு. இப்போது அன்றைய தங்க விலையை எடுத்து இருபதால் வகுத்துப் பாருங்கள். வளையலின் மொத்த விலையே அதைவிடக் குறைவாக இருந்தால் அதில் ஒரு மைக்ரான் தங்கம் இல்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பூசும் கூலி, உலோகம், கடைக்காரர் லாபம் இதில் சேரவே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

'ஒரு கிராம் தங்கம்' என்ற பெயரையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன வளையலில் உண்மையாகவே ஒரு கிராம் தங்கம் பூசினால் தடிமன் 20 மைக்ரானைத் தொடும். அதுவும் ஒரு கிராம் தங்க விலையைவிடப் பல மடங்கு குறைவாக விற்றால் அது வெறும் வியாபாரப் பெயர், எடைக் கணக்கு அல்ல.

இன்னொரு விஷயம். மின்முலாமில் தங்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறாது. கூர்மையான ஓரங்களில் மின்னோட்டம் அதிகம் பாய்வதால் அங்கே தடிமனாகவும், பள்ளங்களிலும் கண்ணிகளின் உள்வளைவிலும் மெல்லியதாகவும் ஏறும். செயினில் கண்ணியும் கண்ணியும் உரசுவது சரியாக அந்த உள்வளைவில்தான். அதனால்தான் செயின் முதலில் கண்ணிகளின் சந்திப்பில் நிறம் மாறுகிறது. 'சராசரி ஒரு மைக்ரான்' என்று பூசுபவர் சொன்னால் அந்த இடத்தில் அதைவிடக் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது

தடிமனுக்கு அடுத்தபடி, சொல்லப்போனால் சில நகைகளில் அதற்கும் முன்னால், பார்க்க வேண்டியது அடியுலோகம். மெல்லிய தங்கப் பூச்சு முழுக்க மூடிய படலம் கிடையாது, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். வியர்வை அதன் வழியே உள்ளே இறங்கி அடியுலோகத்தைத் தாக்கும். அங்கே உருவாகும் துரு, களிம்பு, கறுப்பு எல்லாம் அதே துளை வழியாக மேலே வந்து படரும். இதோடு, செம்பு அணுக்கள் நாளாக ஆகத் தாமாகவே தங்கப் படலத்துக்குள் ஊடுருவி மேற்பரப்புக்கு வரும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த நகைகூடச் சிவந்து மங்குவதற்கு இதுவே காரணம்.

பித்தளை நல்ல அடியுலோகம். நுணுக்கமான வேலைப்பாடு செய்யலாம், முலாம் நன்றாகப் பிடிக்கும், மறுபடி பூசவும் முடியும். இன்னொரு லாபமும் உண்டு: பூச்சு தேய்ந்தாலும் அடியில் மஞ்சளாகவே இருப்பதால் தூரத்திலிருந்து தெரியாது. சுத்தச் செம்பு தேய்ந்தால் சிவப்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். உங்கள் செயின் பின்கழுத்தில் காட்டியது அதுவாகத்தான் இருக்கும்.

925 வெள்ளியின் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவை) மேல் தங்கம் பூசியதை 'வெர்மெய்' என்பார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழிகாட்டியின்படி அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் பூச்சு குறைந்தது 2.5 மைக்ரான் இருக்க வேண்டும், தங்கமும் 10 காரட்டுக்குக் குறையக் கூடாது. இணையத்தில் அந்தப் பெயரை 0.3 மைக்ரானுக்கும் போட்டு விற்பவர்கள் உண்டு, எனவே பெயரோடு நிறுத்தாமல் மைக்ரானைக் கேளுங்கள். வெள்ளி தோலுக்கு நல்லது. ஆனால் காற்றில் உள்ள கந்தகத்தால் கறுக்கும் குணத்தைப் பூச்சு முழுதாக மறைத்துவிடாது. முலாம் மெல்லியதாக இருந்தால் துளைகள் வழியே சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் கிளம்பும்.

துத்தநாகக் கலவையை முடிந்தவரை தவிர்க்கலாம் என்பேன். சந்தையில் 'அலாய்' என்று மட்டும் எழுதி, என்ன அலாய் என்று சொல்லாமல் விற்கும் நகைகளில் பெரும்பாலும் இதுதான். அச்சில் உருக்கி ஊற்றி வார்ப்பதால் உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். முலாம் தொட்டியின் திரவம் அதற்குள் மாட்டிக்கொண்டு, சில மாதம் கழித்து மேலே வெள்ளைப் பொரியாகவோ சின்னக் கொப்புளமாகவோ வெடிக்கும். வளைத்தால் வளையாது, ஒடியும். அடையாளம் காண்பது எளிது: கையில் எடுத்தால் அதே அளவு பித்தளையைவிட எடை குறைவு, ஓரத்தில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த மெல்லிய கோடு ஓடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குறிப்பாக 316எல் ரகம், களிம்பு ஏறாது, வியர்வையில் அரிக்காது. 304 ரகத்தைவிட உப்புக்கு அதிகம் தாங்கும், அதில் சேர்த்திருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் காரணம். ஸ்டீலில் சாதாரண மின்முலாம் எளிதில் ஒட்டாது. அதனால் பெரும்பாலும் 'பிவிடி' முறையில் பூசுகிறார்கள். காற்று நீக்கிய அறைக்குள் உலோகத்தை ஆவியாக்கி நகை மேல் படிய வைக்கும் முறை அது. 'ஐபி' என்று எழுதியிருந்தால் அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: பிவிடி பூச்சின் தங்க நிறம் பல நகைகளில் டைட்டானியம் நைட்ரைடின் நிறம். அதில் துளித் தங்கமும் இல்லாமல் இருக்கலாம், அல்லது மேலே மெல்லியதாகத் தங்கம் இருக்கலாம். டைட்டானியம் நைட்ரைடு தங்கத்தைவிடப் பல மடங்கு கடினம், உரசலுக்கு அசையாது. உங்களுக்கு வேண்டியது நிறமும் உழைப்பும் என்றால் இது ஏமாற்று அல்ல, நல்ல வாங்கல். 'தங்கம்' என்று சொல்லித் தங்க விலை கேட்டால்தான் ஏமாற்று.

இடையில் ஒரு தடுப்பு

நல்ல வேலையில் அடியுலோகத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே ஒரு தடுப்புப் படலம் இருக்கும். செம்பு மேலே ஊறி வராமல் தடுப்பது அதன் வேலை. மலிவானதும் பழக்கத்தில் உள்ளதும் நிக்கல். நன்றாகத் தடுக்கும், பூச்சுக்கு உறுதியும் பளபளப்பும் தரும். ஆனால் அலர்ஜிக்குப் பெயர்போன உலோகமும் அதுதான். தங்கம் தேய்ந்ததும் தோல் நேரே நிக்கலைத் தொடும், அரிப்பு தொடங்கும். புதிதாக இருந்தபோது ஒன்றும் செய்யாத கம்மல் நாள் கழித்து அரிப்பது இதனால்தான். நிக்கலுக்குப் பதில் பல்லேடியமோ, செம்பு-தகரம்-துத்தநாகம் கலந்த 'ஒயிட் பிரான்ஸ்' என்பதோ போட்டால் அந்தத் தொல்லை இல்லை. விலை சற்றுக் கூடும்.

'நிக்கல் ஃப்ரீ' ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் அளக்கப்படுவது நகையில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பது அல்ல, தோலுக்கு எவ்வளவு கசிகிறது என்பதுதான். தோலோடு ஒட்டியிருக்கும் நகைக்கு வாரத்துக்குச் சதுர செ.மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், காது மூக்குத் துளைக்குள் போகும் தண்டுக்கு 0.2 மைக்ரோகிராம் என்பது வரம்பு. இந்த அளவுக்குச் சோதித்தது என்று விற்பவர் காட்டினால் நம்பலாம். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற திரவத்துடன் வரும் நிக்கல் சோதனைக் கிட் உண்டு. பஞ்சில் நனைத்து நகையின் மறைவான இடத்தில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும்.

விரல் பச்சையாவதையும் அரிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பச்சை என்பது செம்பின் உப்பு, சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும், கெடுதல் இல்லை. சிவந்து, தடித்து, ஓரிரு நாளில் பொரிப்பொரியாக அரித்தால் அது அலர்ஜி, அந்த நகையை விட்டுவிட வேண்டியதுதான். ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்தவருக்கு அது போவதில்லை.

காரட்டும் கடினமும்

'24 காரட் பூச்சு' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். சுத்தத் தங்கம் நிறம் மாறாது என்பது உண்மைதான். ஆனால் மிருதுவானது, உரசலில் முதலில் போவதும் அதுவே. கோபால்ட் மிகச் சிறிதளவு சேர்த்த 'ஹார்டு கோல்டு' பூச்சு சுத்தத் தங்கப் பூச்சைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கடினமானது. மோதிரம், வளையல் போன்றவற்றுக்கு இதைக் கேட்டு வாங்கலாம். காது நகை, பதக்கம், கழுத்தோடு ஒட்டாத ஆரம் ஆகியவற்றுக்குக் காரட் எது என்பது ஒரு பொருட்டே அல்ல, உங்களுக்குப் பிடித்த நிறத்தைப் பார்த்து எடுங்கள். 0.1 மைக்ரான் 24 காரட்டைவிட 1 மைக்ரான் 18 காரட் பல மடங்கு நாள் இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு ரகம் உண்டு: 'கோல்டு ஃபில்டு'. இது முலாம் அல்ல. தங்கத் தகட்டைப் பித்தளையோடு சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கி, பிறகு கம்பியாகவும் தகடாகவும் இழுப்பார்கள். எடையில் இருபதில் ஒரு பங்கு தங்கக் கலவை இருக்க வேண்டும். '1/20 14கே' என்பது போன்ற முத்திரை இருக்கும். ஒரு மி.மீ. கம்பியில் கணக்குப் போட்டால் தங்கப் படலம் 8 மைக்ரான் அளவுக்கு வரும், துளையும் கிடையாது. விலை கவரிங்கைவிட நிச்சயம் கூடுதல், தங்கத்தைவிட மிகக் குறைவு. தினமும் கழற்றாமல் போடும் மெல்லிய செயினுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறை என்னவென்றால் வார்ப்பில் செய்ய முடியாது, எனவே கனமான வேலைப்பாடுள்ள டிசைன்கள் இதில் அரிது.

சரி, மூன்று நகைக்கு என்ன?

மோதிரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அல்லது மோதிரத்தையே வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். சோப்பு, தண்ணீர், கைப்பிடி, சாவி, பாத்திரம், சானிடைசர் என்று ஒரு நாளில் விரல் படும் பாட்டில் ஃபிளாஷ் பூச்சு சில வாரம்கூடத் தாங்காது. தினமும் போட என்றால் 316எல் ஸ்டீலில் பிவிடி பூசியது. அல்லது 2.5 மைக்ரான் ஹார்டு கோல்டு பூசிய வெள்ளி, அதையும் ஓரிரு வருடத்தில் மறுமுலாம் போட வேண்டியிருக்கும் என்ற மனநிலையோடு. மோதிரத்தின் பரப்பு 6, 7 சதுர செ.மீ.தான் என்பதால் கனமான பூச்சுக்குக்கூடத் தங்கம் 30 மில்லிகிராம் அளவில் முடிந்துவிடும். கனமாகப் பூசச் சொல்வதில் மோதிரத்துக்குத்தான் காசுக்கேற்ற பலன் அதிகம்.

செயினுக்கு ஸ்டீல் பிவிடி, கோல்டு ஃபில்டு, அல்லது தடுப்புப் படலத்தோடு 1 மைக்ரானுக்கு மேல் பூசிய பித்தளை. கண்ணியின் வடிவத்தையும் பாருங்கள். கண்ணிகள் தளர்வாக ஆடும் மெல்லிய செயினில் உரசல் அதிகம். கண்ணிகள் நெருக்கமாக, தட்டையாகப் படுத்திருக்கும் வகையில் குறைவு. பாம்பு போல வழுவழுவென்று இருக்கும் உருண்டைச் செயின் அழகுதான், ஆனால் ஒருமுறை மடிந்தால் மடிப்புக் கோடு விழுந்து அந்த இடத்தில் பூச்சு பிளக்கும். கனமான பதக்கத்தை மெல்லிய செயினில் கோர்த்தாலும் கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணிகள் சீக்கிரம் தேயும்.

கம்மலுக்குப் பூச்சின் தடிமனைப் பற்றிக் கவலையே வேண்டாம். காதில் தொங்குவதை எதுவும் உரசுவதில்லை, 0.2 மைக்ரான்கூடப் பல வருடம் நிற்கும். காசை முழுக்கத் தண்டில் போடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே அரித்திருப்பதால் டைட்டானியம் தண்டும் திருகாணியும் இருந்தால் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் 925 வெள்ளி, அல்லது நிக்கல் கசிவுச் சோதனை செய்த 316எல். இந்த ஸ்டீலுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு, ஆனால் இறுகப் பிடித்து வைத்திருப்பதால் மிகச் சொற்பமே கசியும், பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. காது குத்திப் புண் ஆறாத நிலையில் மட்டும் முலாம் பூசிய தண்டு எதையும் போட வேண்டாம். முகப்பு பித்தளையாக இருப்பதில் தவறில்லை. திருகாணியின் மரையில் பூச்சு முதல் வாரத்திலேயே போகும், அது குறையாகாது, மரையின் வேலையே உரசுவது.

குழந்தைகளுக்கு என்றால் மலிவான வார்ப்பு நகை வேண்டவே வேண்டாம். வாயில் வைப்பார்கள், அடியில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு.

கடையில் கையில் எடுத்ததும்

வெளிச்சத்தில் முதலில் பார்க்க வேண்டியது முகப்பை அல்ல, பின்புறத்தையும் உள்பக்கத்தையும். பூசுவதற்கு முன் ஒழுங்காகச் சுத்தம் செய்து பாலிஷ் போட்டவர் பின்புறத்தையும் விட்டிருக்க மாட்டார். பற்றவைத்த இடத்தில் நிறம் சற்று மாறியிருந்தால் அங்கே பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் ஓரங்களில் மயிரிழை வெடிப்போ ஊசிமுனைத் துளையோ தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணிகளின் வாய் முழுதாகப் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். மூடாமல் வெறுமனே வளைத்து விட்டிருந்தால் அந்தச் சந்தில் வியர்வை தங்கும், இழுபட்டு அறுந்தும் போகும்.

காந்தம் ஒன்று கூட இருக்கட்டும். நகை முழுதும் பலமாக ஒட்டினால் அடியில் இரும்பு, துருப்பிடிக்கும், வைத்துவிடுங்கள். கொக்கி மட்டும் ஒட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளே ஸ்பிரிங் எஃகு. காந்தத்தில் ஒட்டாததால் நல்லது என்றும் ஆகாது, துத்தநாகமும் ஒட்டாது.

'ஆன்டி டார்னிஷ்' என்று சொல்வதில் பாதி, மேலே அடித்த வார்னிஷ் போன்ற நிறமற்ற பூச்சுதான். அதுவும் ஒரு பாதுகாப்பு, கெட்டதில்லை. ஆனால் சில நகைகளில் தங்கமே இல்லாமல் பித்தளை மேல் மஞ்சள் சாயம் கலந்த வார்னிஷை மட்டும் அடித்து 'கோல்டு டோன்', 'கோல்டு ஃபினிஷ்' என்று விற்பார்கள். வாங்கி வந்தபின் சந்தேகம் இருந்தால், கல்லும் முத்தும் எனாமலும் இல்லாத மறைவான இடத்தில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள். தங்கத்தை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. பஞ்சில் மஞ்சள் வந்தால் அது சாயம். பூச்சு ஒட்டியிருக்கும் உறுதியைப் பார்க்க, ஒட்டும் டேப்பை உள்பக்கத்தில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் பொன் துகள்கள் வந்தால் பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாக நீக்கவில்லை. அது தேயாது, உரியும். உடனே திருப்பிக் கொடுங்கள். உரைகல்லும் அமிலமும் வைத்துச் சோதிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூச்சு கீறப்பட்டு அந்த இடத்திலிருந்து கெடத் தொடங்கும். தடிமனைச் சேதமின்றி அளக்க, எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் உண்டு, பூச்சு அளக்கும் அமைப்போடு இருந்தால். தங்கத்தின் சுத்தத்தை மட்டும் காட்டும் அமைப்பில் வைத்தால் கதிர் பூச்சைத் தாண்டி அடியுலோகத்தையும் படித்து ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், அதற்கு அர்த்தமில்லை.

கல் வைத்த நகையில் கல் கொக்கிப் பிடியில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா என்று பாருங்கள். பசை தண்ணீரில் இளகும். அடியில் வெள்ளி போன்ற தாள் ஒட்டிய கண்ணாடிக் கல் ஒருமுறை நனைந்தாலே கறுத்துப் பொலிவிழந்து போகும்.

விற்பவரிடம் நான்கு கேள்வி போதும்: அடியுலோகம் என்ன, நடுவில் நிக்கல் உண்டா, பூச்சு எத்தனை மைக்ரான், மங்கினால் மறுமுலாம் போட்டுத் தருவீர்களா. மைக்ரான் கேட்டதும் 'ஹை குவாலிட்டி' என்று பதில் வந்தால் ஃபிளாஷ் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற விலை பேசுங்கள். கேரண்டி அட்டையில் காலத்தைவிட விதிவிலக்கைப் படியுங்கள். 'வியர்வை, தண்ணீர், வாசனைத் திரவியம் பட்டால் பொருந்தாது' என்று இருந்தால் அந்தக் கேரண்டி பெட்டிக்குள் இருக்கும் நகைக்கு மட்டும்தான்.

வாங்கியபின்

பராமரிப்பு குறிப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான், ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன். கிரீம், சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் போட்டுக் காய்ந்தபின் நகை போடுவது, அவற்றில் உள்ள ஆல்கஹாலும் எண்ணெயும் மேல் வார்னிஷை இளக்குவதால். முகப் பவுடரிலும் சன்ஸ்கிரீனிலும் உள்ள துத்தநாக ஆக்சைடு போன்ற துகள்கள் மெல்லிய உப்புத்தாள் போல வேலை செய்யும், பின்கழுத்தில் செயின் முதலில் தேய்வதில் வியர்வையோடு இதற்கும் பங்குண்டு. நீச்சல் குளத்துக் குளோரின் துளைகள் வழியே அடியுலோகத்தை அரிக்கும். தூங்கும்போது கழற்றி வைத்தால் உரசலில் மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம்.

கழற்றியதும் மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மாதம் ஒருமுறை பசையில் ஒட்டிய கல் இல்லாத நகையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அரை நிமிடம் அலசி, நல்ல தண்ணீர் காட்டி, முழுக்கக் காயவிட்டு எடுத்து வைக்கலாம். பற்பசை, சமையல் சோடா, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் பூச்சைச் சுரண்டும், மற்றவை அடியுலோகத்தை அரிக்கும். தேய்த்ததும் பளிச்சென்று ஆவது, மேலிருந்த தங்கத்தில் கொஞ்சம் போனதால்தான். வெள்ளி துலக்கும் திரவமும், சிவப்புப் பொடி ஏற்றிய பாலிஷ் துணியும் இதே காரணத்தால் ஆகாது.

ஒவ்வொரு நகையையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கவர் பாலித்தீனாக இருக்கட்டும், கெட்டி பிவிசி வாசனை அடிக்கும் பை வேண்டாம். ரப்பர் பேண்டில் சுற்றி வைப்பதை அறவே விடுங்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும்.

மோதிரத்தின் உள்பக்கம் நிறமற்ற நகப்பூச்சு அடிக்கும் யோசனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பச்சை படிவதைச் சில நாள் தடுக்கும், பிறகு செதிலாக உரியும். அவசரத்துக்குச் சரி. வெளிப்பக்கம் அடித்தால் பிளாஸ்டிக் போலத் தெரியும்.

மறுமுலாம் போடலாமா?

பித்தளை, செம்பு, வெள்ளி ஆகிய மூன்றுக்கும் தாராளமாகப் போடலாம். போடக் கொடுக்கும்போது பழைய பூச்சின் மேலேயே பூசாமல், பாலிஷ் போட்டு, பிசுக்கு நீக்கி, தடுப்புப் படலம் வைத்து, பிறகு தங்கம் ஏற்றச் சொல்லுங்கள். தேய்ந்த இடம் மேடு பள்ளமாக இருக்க அப்படியே பூசினால் சில மாதத்தில் அதே இடம் மறுபடி தெரியும். ஒவ்வொரு பாலிஷிலும் வேலைப்பாட்டின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், எனவே மெல்லிய தகட்டு நகைக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் தாங்காது. முத்து, ஒட்டிய கல், எனாமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொட்டியின் ரசாயனமும் சூடும் அவற்றுக்கு ஆகாது, கழற்றிவிட்டுத்தான் பூச வேண்டும். வீட்டிலேயே பூச முலாம் பேனா விற்கிறார்கள். அதில் ஏறுவது மிக மெல்லிய படலம், தொட்டியில் பயன்படும் கரைசல்கள் சிலவற்றில் சயனைடு உண்டு என்பதால் கிட் வாங்கி வீட்டில் முயல்வதும் வேண்டாம்.

உங்கள் பழைய செயின் செம்பு அடி என்பதால் பற்றவைப்புகள் உறுதியாக இருந்தால் மறுமுலாமுக்குத் தகுதியானதுதான். 30 சதுர செ.மீ. பரப்பு என்று வைத்தால் ஒரு மைக்ரானுக்கு 60 மில்லிகிராம் தங்கம், கூலி தனி. அந்தத் தொகை புதிய ஸ்டீல் செயினின் விலையைத் தாண்டினால் பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்குங்கள். மோதிரம் பித்தளை என்றால் போடலாம், துத்தநாக வார்ப்பு என்றால் அந்தச் செலவு வீண். கம்மலுக்கு முலாம் தேவையே இல்லை, முகப்பு நன்றாக இருந்தால் பொற்கொல்லரிடம் கொடுத்துத் தண்டையும் திருகாணியையும் மட்டும் வெள்ளியில் மாற்றிக்கொள்ளுங்கள்.